மாஸ்டர் பதில்கள்: ஒளித்து வைத்த அடி எங்கே இருக்கிறது?

கேள்வி: குங்ஃபூவில் வெளியாருக்குக் காட்டாத இரகசிய அடிகள் இருப்பதாக யூரியூப்பில் ஒருவர் சொல்கிறார். காசு கட்டினால் ஒன்லைனில் பழக்குவாராம். எங்கள் மாஸ்டரோ மாதக்கணக்காக ஒரே ஃபோர்மைத்தான் (வரிசையாகக் கோத்த அசைவுகளை) செய்விக்கிறார். அவர் எங்களுக்கு ஒளிக்கிறாரா?
வாசகர், பரந்தன்

பதில்: தம்பி, முதலில் காசைக் கட்டாதீர்கள்.

சீனத்தில் ஒளித்தது உண்மைதான். ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில் தாய்ச்சி என்ற குங்ஃபூ முறை சென் குடும்பத்தாரின் சொத்தாகவே இருந்தது. யாங் லூசான் என்ற வெளியாள் 19ஆம் நூற்றாண்டில் அங்கே பழகி, பிறகு பெய்ஜிங்கில் சொல்லிக்கொடுத்த பின்தான் அது பரவியது. விங் சுன் என்ற இன்னொரு குங்ஃபூ முறையின் மூன்றாவது வெறுங்கை ஃபோர்மான பியூ ஜீ 'வாசலைத் தாண்டாது', அதாவது வெளியாருக்குக் கொடுப்பதில்லை, என்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது? கண்ணுக்குப் போகும் விரல், கிட்ட வந்தவனுக்கு முழங்கை, நிலைகுலைந்து மாட்டிக்கொண்டவன் மீளும் வழி. முதல் இரண்டு ஃபோர்மும் உடம்பில் ஊறாதவன் இதைத் தொட்டால் முன்னே பழகியவையும் கெட்டுவிடும். அதைப் பிந்திக் கொடுப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஒளிக்காதவர்களும் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் கரையோரக் கொள்ளையரோடு பொருதிய, சீனாவின் மிங் அரசுத் தளபதி ச்சீ ஜிகுவாங், 32 நிலைகளைப் படத்தோடு புத்தகத்திலேயே போட்டார். பெரும் போருக்கு வெறுங்கை உதவாது, கைகாலைப் பழக்கத்தான் என்றும் எழுதினார்.

சரி, உங்கள் ஃபோர்முக்கு வருவோம். ஒரு கை குத்தும்போது மற்றக் கை இடுப்புக்கு வருகிறதல்லவா? அந்தக் கையில் எதிராளியின் மணிக்கட்டு இருக்கிறதென்று வையுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கத் திருப்பிக்கொண்டே இழுக்கிறீர்கள். அந்தத் திருப்பத்தில் அவன் முழங்கை மேலே வரும், தோள் முன்னுக்குச் சரியும், பாரம் முழுக்க முன்காலில் விழும். அந்த நேரத்தில்தான் உங்கள் குத்து போகிறது. குத்தாமல் முன்னங்கையை அவன் முழங்கைக்கு மேல் வைத்து அழுத்தினால் அது பூட்டு. சீனர் சின் நா என்பது, பிடித்து மூட்டைப் பூட்டும் இந்த வேலையைத்தான். அவன் காலுக்குப் பின்னால் உங்கள் காலை வைத்தால் ஆள் கீழே. ஒரே அசைவுக்குள் அடி, பூட்டு, வீழ்த்தல் எல்லாம் கிடக்கிறது, உங்கள் மாஸ்டர் தினமும் அதைத்தான் செய்விக்கிறார்.

எங்கள் முள்ளியவளை வகுப்புக்கு வரும் பொடியள் பலர் வயல் வேலை செய்கிறவர்கள். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை, பிடித்தால் இலேசில் விடாது. அவர்களிடம் என் மணிக்கட்டைக் கொடுத்துத்தான் இதைக் காட்டுவேன். மெல்லப் பிடிப்பவனிடம் எல்லா வித்தையும் பலிக்கும், அதில் பிரயோசனம் இல்லை. விங் சுன்காரர் கையோடு கை ஒட்டிச் சீ சாவ் செய்வதும், தாய்ச்சிக்காரர் இருவராக நின்று தள்ளிப் பழகுவதும் இதற்காகத்தான். எதிராளி எப்போது இறுக்குகிறான், எப்போது தளர்கிறான் என்பது தோலுக்குத் தெரிய வேண்டும். ஃபோனைப் பார்த்து அது வராது. உங்கள் மாஸ்டரிடமே போய், "இந்த அசைவை ஆளில் செய்து காட்டுங்கோ" என்று கேளுங்கள். கேட்கிறவனுக்குக் காட்டாத மாஸ்டரை நான் அதிகம் கண்டதில்லை.

இன்னொன்று. 1954இல் ஹொங்கொங்குக்குப் பக்கத்து மக்காவோவில் தாய்ச்சி ஆசான் வூ கொங்யீயும் வெள்ளைக் கொக்கு முறையைச் சேர்ந்த சான் ஹாக் ஃபூவும் மேடையில் மோதினார்கள். படமும் எடுத்தார்கள். சானின் மூக்கில் இரத்தம் வந்தது. இரண்டாம் சுற்றோடு நிறுத்தினார்கள். வெற்றி தோல்வி இல்லை. பேர்பெற்ற இரு ஆசான்களின் சண்டை, ஆனால் அதில் ஒரு இரகசிய அடியையும் காணோம். நெருக்கடியில் உடம்பு ஆயிரம் தடவை செய்ததை மட்டும்தான் செய்யும்.

கேள்வி: தொட்டால் சில நாள் கழித்து ஆள் சாகும் வர்ம அடி சீனரிடம் இருக்கிறதாமே?
வாசகர், மல்லாவி

பதில்: நாள் குறித்துக் கொல்லும் தொடுகை வெறும் கதை. தொண்டையிலும் கழுத்தின் பக்கத்திலும் கன்னப்பொறியிலும் பலமாக அடித்தால் அந்த இடத்திலேயே உயிராபத்து வரலாம், அது உண்மை. அந்த இடங்களில் விளையாட்டுக்கும் தட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: மகள் ரியூசன் முடிந்து வர இருட்டிவிடுகிறது. வகுப்புக்கு அனுப்ப வசதியில்லை. வீட்டிலேயே பழக ஒரு அடி சொல்லுங்கள்.
ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அக்கா, அடியை விட விடுபடுவதைப் பழக்குங்கள். மணிக்கட்டைப் பிடிக்கும் கையில் நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் இடம்தான் பலவீனம். பிள்ளை தன் கையின் ஒடுங்கிய விளிம்பை அந்த இடைவெளிக்குத் திருப்பி, முழங்கையை மடித்துத் தன் உடம்போடு சேர்த்து, இடுப்பையும் திருப்பி ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். கையை மட்டும் பின்னால் இழுத்தால் வராது. வீட்டில் தகப்பனோ அண்ணனோ உண்மையாகவே இறுக்கிப் பிடிக்கட்டும். இரண்டு கையாலும் பழகட்டும். விடுபட்டதும் நின்று அடிக்கப் பார்க்காமல், கத்திக்கொண்டு வெளிச்சமும் ஆளும் உள்ள கடைப் பக்கம் ஓட வேண்டும். ஓடுவதையும் சேர்த்தே பழக்குங்கள். முடிந்தால் அதே பாதையால் வரும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்புங்கள்.