டொரோண்டோவில் வாடகைக்கு விட காண்டோ வாங்கலாமா?

தம்பி, கேள்வியைப் படித்தேன். கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்துப் பத்து மாதம் ஆகிறது, அப்பா நிலத்தை விற்று அனுப்பிய பணம் கையில் இருக்கிறது, ஒரு காண்டோ (அடுக்குமாடிக் கட்டடத்தில் சொந்த வீடு) வாங்கி வாடகைக்கு விட்டால் வாடகையே மார்ட்கேஜை, அதாவது வீட்டுக் கடனை, கட்டிவிடும் என்று ஏஜென்ட் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குவதில் தவறில்லை. வாடகை கட்டிவிடும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். ஒரு பேச்சுக்கு 5 லட்சம் டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குடியிருக்காத வீட்டுக்குக் குறைந்தது 20 சதவீதம் முன்பணம், அதாவது ஒரு லட்சம். மீதி 4 லட்சத்துக்கு 4.5 சதவீத வட்டி, 25 வருடத் தவணை என்றால் மாதம் 2,200க்கு மேல் போகும். காண்டோ பராமரிப்புக் கட்டணம் 500, சொத்து வரி 300 என்று சேர்த்தால் 3,000 ஆகிறது. வாடகை 2,300 வந்தாலும் மாதாமாதம் 700 டாலர் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். அசலில் கொஞ்சம் குறைகிறதே என்று தேற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பணத்தை வைத்து அடுத்த மாதத் தவணையைக் கட்ட முடியாது.

இந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது. டொரோண்டோவில் நில மாற்று வரி இரண்டு தடவை: மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. 5 லட்சத்துக்கு இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 13,000. முதல் வீடு வாங்குபவருக்கான சலுகை, நீங்களே அதில் குடியேறினால்தான் கிடைக்கும்.

வட்டியையும் யோசியுங்கள். 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதம் ஆனது. மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்த என் நண்பர்கள் அப்போது தூக்கமில்லாமல் தவித்ததை நேரில் பார்த்தேன். நிலையான வட்டி எடுத்தாலும் அது பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான், அப்புறம் அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும்.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். 2012இல் நான் வாங்கிய பழைய கட்டடத்தில், நிலவறை கார் நிறுத்துமிடத்தின் கூரையில் தண்ணீர் கசிந்தது. தூணோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததை வீடு பார்க்கப் போன அன்றே கண்டேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வருடம் பழுதுபார்க்க ரிசர்வ் நிதி (பெரிய பழுதுகளுக்கென்று கட்டடம் சேர்த்துவைக்கும் பணம்) போதவில்லை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்பெஷல் அசெஸ்மென்ட், அதாவது கூடுதல் கட்டணம், போட்டார்கள். என் பங்கு 11,000 டாலர். கசிவைப் பற்றி ஸ்டேட்டஸ் சர்டிஃபிகேட்டோடு (கட்டடத்தின் நிதி நிலையைச் சொல்லும் சான்றிதழ்) வந்த காகிதங்களில் எழுதியே இருந்தது. அவசரத்தில் நான் படிக்கவில்லை. அந்தச் சான்றிதழுக்கு 100 டாலர்தான், கேட்ட பத்து நாளுக்குள் கட்டட நிர்வாகம் தர வேண்டும் என்பது சட்டம். வக்கீல் அதைப் படித்துச் சொன்ன பிறகே ஒப்பந்தம் உறுதியாகும் என்று ஆஃபரில் நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். ஏஜென்ட் வேண்டாம் என்றாலும் விடாதீர்கள்.

குடியிருப்பவர் விஷயத்தில் ஊர் வழக்கத்தை மறந்துவிடுங்கள். ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகையை மட்டும்தான் முன்பணமாக வாங்கலாம். சேதத்துக்கென்று டெபாசிட் கேட்கவே கூடாது. வாடகையை 12 மாதத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாம், 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல் முறை குடியேறிய வீடுகளுக்கு மட்டும் ஏற்றத்துக்கு உச்சவரம்பு இல்லை. வாடகை நின்றாலும் நீங்களாகப் பூட்டை மாற்ற முடியாது, தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அந்த மாதங்களிலும் வங்கி தவணையை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஆறு மாதச் செலவு தனிக் கணக்கில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

வருமான வரியில் மார்ட்கேஜின் வட்டியை வாடகையிலிருந்து கழிக்கலாம், அசலைக் கழிக்க முடியாது. 12 மாதத்துக்குள் விற்றால் லாபம் முழுவதும் வியாபார வருமானமாகிவிடும், சில விதிவிலக்குகள் தவிர.

என்னைக் கேட்டால், இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். வேலை நிலைக்கட்டும், கிரெடிட் வரலாறு (கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு) சேரட்டும். அப்பா ஒரு தடவைதான் அந்த நிலத்தை விற்க முடியும். அதற்குள் பிடித்த கட்டடம் ஏதாவது அமைந்தால், அதன் நிலவறைக்கு ஒரு முறை இறங்கிப் பாருங்கள். ஸ்டேட்டஸ் சர்டிஃபிகேட் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், வக்கீல் படிக்கும்போதே நாமும் உட்கார்ந்து படிக்கலாம்.