பத்து மணிக்கு மேல் டிஜே, சோதனைச்சாவடி தாண்டிய பாட்டில்

எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடி உணவகம். சனிக்கிழமை இரவு 11 மணி தாண்டியும் டிஜே ஓடுகிறது. கேட்டால் ‘பார் லைசென்ஸ் இருக்கு’ என்கிறார்கள். – வாசகி, புதுச்சேரி

இருக்கட்டும் அம்மா. அது கலால் துறை தந்த காகிதம். மது பரிமாறத்தான் செல்லும், ஸ்பீக்கருக்குச் செல்லாது. ஸ்பீக்கருக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தனியாக இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்குக்குள் தவிர வேறெங்கும் ஒலிபெருக்கி கூடாது. மேலே தகரம் போட்டிருக்கிறோம், அதனால் மூடிய இடம்தான் என்று வாதிடுவார்கள். பாட்டின் வரிகள் உங்கள் படுக்கையறையில் தெளிவாகக் கேட்கின்றனவே, அப்புறம் என்ன மூடல்?

பலருக்குத் தெரியாத ஒன்று: பகலில் புகார் தர, ஒலி அந்தப் பகுதியின் வரம்பைவிட 10 டெசிபலாவது கூடியிருக்க வேண்டும். இரவுத் தடைக்கு அந்தக் கணக்கே இல்லை, மீறினாலே புகார் தரலாம். பாட்டு ஓடும்போதே 112-ஐ அழையுங்கள். மறுநாள் காலையில் போனால் அங்கே வெறும் நாற்காலிகள்தான் இருக்கும். கூடவே எழுத்துப் புகாரும் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கடலூரில் திறந்தவெளியில் மெல்லிசைக் கச்சேரி நடத்துகிறோம். 75 டெசிபல் வரை போகலாம்தானே? – வாசகர், கடலூர்

எல்லா ஒலி அமைப்பாளர்களும் இதையே சொல்கிறார்கள், பாதிதான் சரி. பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதியின் வரம்போடு 10 கூட்டிய அளவு அல்லது 75, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55. ஆக அப்படிப்பட்ட இடமென்றால் உங்களுக்கு 65தான். கடைவீதியில் வரம்பு 65 என்பதால் அங்கே 75 வரை போகலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் முதலில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

எழுத்து மூலம் அனுமதி கட்டாயம். மாநகராட்சி இடமென்றால் அவர்களிடமும் தனியாக வாங்க வேண்டும். இரவு 12 மணி வரை நீட்டிப்பு என்பது பண்டிகை, கலாசார விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் தருவது. அதை நம்பி டிக்கெட் அடிக்காதீர்கள்.

கடலூர் மண்டபத்தில் ரிசப்ஷன். பாண்டியிலிருந்து சரக்கு வாங்கி வந்து நண்பர்களுக்குத் தரலாமா?

கூடாது. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பாட்டிலோடு வண்டியும் பறிபோகும். 2023-இல் தமிழ்நாடு அரசு, மது பரிமாறச் சிறப்பு உரிமம் பெறக்கூடிய இடங்களின் பட்டியலில் திருமண மண்டபங்களைச் சேர்த்தது, எதிர்ப்பு கிளம்பியதும் உடனே நீக்கிவிட்டது.

‘பாண்டிச்சேரி பீச் ரிசார்ட்’ ஒன்றில் பார்ட்டி. புதுச்சேரி விதிதானே?

விளம்பரத்தை விடுங்கள், பட்டாவைப் பாருங்கள். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். அங்கே தமிழ்நாட்டுச் சட்டம், 21 வயது நிரம்பாதவருக்கு மது இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன், உரிமத்தில் புல்வெளியும் சேர்ந்திருக்கிறதா, உள்ளே இருக்கும் பார் அறை மட்டும்தானா என்று கேட்டுப் பாருங்கள்.