வலிப்புக் குளிசையோடு கல்யாணம், பிள்ளைப்பேறு: மஸ்கெலியாத் தங்கச்சிக்கு ஒரு பதில்

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 25 வயதுத் தங்கச்சி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். 15 வயதில் வலிப்பு தொடங்கியதாம். காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறும், தேத்தண்ணிக் கோப்பை கீழே விழும், சில நாட்களில் அதைத் தொடர்ந்து முழு வலிப்பும் வரும். சோடியம் வல்ப்ரோயேட் 500 மில்லிகிராம் காலையும் இரவும் எடுக்கிறார், இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. இன்னும் ஐந்து மாதத்தில், ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரியாது. "குளிசையை இப்போதே நிறுத்திவிட்டால் பிள்ளைக்கு நல்லதுதானே? பிள்ளைக்கும் இந்த வருத்தம் வருமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, இன்றிரவுக் குளிசையைப் போட்டுவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். நீங்கள் சொல்கிற அந்தக் காலை உதறலை வைத்துப் பார்த்தால், இது பதின்ம வயதில் தொடங்குகிற ஒருவகை வலிப்பாக இருக்கும். மருந்துக்கு நன்றாக அடங்கும், மருந்தை விட்டால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும். இரண்டு வருடம் வராமல் இருந்தது குளிசையால்தான். திடீரென்று நிறுத்தினால் ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்று வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதுவும் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணித்தியாலம் ஓட வேண்டிய இடத்தில்.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. எந்த மருந்தும் எடுக்காத தாய்மாருக்குக்கூட 100 பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் பெரிய பிறவிக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். கர்ப்பத்தில் வல்ப்ரோயேட் எடுத்தால் அது 10 அளவுக்கு ஏறுகிறது: முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவது, இதயத்தில் குறை, அண்ணப்பிளவு. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறு. 100இல் 30, 40 பிள்ளைகளுக்குப் பேச்சு, படிப்பு, புத்தி வளர்ச்சியில் பின்னடைவு வரலாம், பிறந்த அன்று பார்த்தால் எதுவும் தெரியாது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும், ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது. 15 வயதில் உங்களுக்கு இதை எழுதிக் கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன், இந்தவகை வலிப்புக்கு இது மிக நன்றாக வேலை செய்கிற மருந்து. ஆனால் வயதுக்கு வந்த பிள்ளைக்கு இதைக் கொடுத்தால், ஒவ்வொரு வருடமும் யாராவது உட்காரவைத்து இந்தப் பேச்சைப் பேசியிருக்க வேண்டும். பல பெண்களுக்கு அந்தப் பேச்சு கர்ப்பமான பிறகுதான் கிடைக்கிறது, அது எனக்கு ஆறாத மனவருத்தம்.

சரி, மாற்று மருந்து இருக்கிறதா? இருக்கிறது. லெவெடிரசிட்டம், லமோட்ரிஜின் இரண்டும் கர்ப்பத்தில் பாதுகாப்பு அதிகம் என்று நன்றாகத் தெரிந்த மருந்துகள். உங்கள் வகைக்கு முதலில் லெவெடிரசிட்டத்தைத்தான் பெரும்பாலும் யோசிப்பார்கள், ஏனென்றால் லமோட்ரிஜின் சிலருக்கு அந்தக் காலை உதறலைக் கூட்டிவிடும். கார்பமஸெபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து உங்கள் வகைக்குப் பொருந்தாது, யாராவது மாற்றி எழுதினால் உதறல் விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். லெவெடிரசிட்டம் தொடங்கிய பிறகு காரணமில்லாமல் எரிச்சல், அழுகை, மனச்சோர்வு வந்தால் அடுத்த கிளினிக் வரை அடக்கிக்கொண்டிருக்காதீர்கள். லமோட்ரிஜின் என்றால் தோலில் தடிப்போ கொப்புளமோ வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாற்றுவது ஒரே நாளில் நடக்காது. புது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அப்புறம் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். புது மருந்தில் வலிப்பு இல்லாமல் இருக்கிறீர்களா என்று சில மாதம் பார்க்கவும் வேண்டும். அதனால்தான் ஆவணிக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே கேட்டீர்களே, எனக்கு அவ்வளவு நிம்மதி. மாற்றுகிற காலத்தில் வலிப்பு ஒருமுறை எட்டிப்பார்க்கலாம், ஆகவே அந்த மாதங்களில் சரிவான மலையில் தனியாகக் கொழுந்து எடுப்பது, விறகடுப்புப் பக்கம் தனியாக நிற்பது, ஆற்றில் குளிப்பது வேண்டாம். நித்திரை கெடக்கூடாது, கல்யாண வீட்டு இரவுகளிலும்தான்.

கல்யாணம் முடிந்தாலும் மாற்றம் முடியும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். வல்ப்ரோயேட்டும் லெவெடிரசிட்டமும் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளைக் கெடுக்காது. இதைப் படிக்கிற வேறு பெண்கள் கார்பமஸெபின், பெனிட்டோயின், பீனோபார்பிட்டால் எடுத்தால் கவனம்: கருத்தடைக் குளிசையும் கையில் தோலுக்கடியில் வைக்கிற கருத்தடைக் குச்சியும் அவற்றோடு சேர்ந்தால் பலமிழக்கும், லூப்பும் மூன்று மாத ஊசியும் சரிவரும். லமோட்ரிஜினில் தலைகீழ் கதை, ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடைக் குளிசை லமோட்ரிஜினின் அளவைப் பாதியாகக் குறைத்து வலிப்பைக் கொண்டுவரலாம்.

கர்ப்பமாக முயற்சிக்கும் முன்பே, பிள்ளையின் முதுகுத்தண்டு சரியாக மூட உதவுகிற ஃபோலிக் அமிலம் என்ற விட்டமினைத் தொடங்க வேண்டும், உங்களுக்கு 5 மில்லிகிராம். மிட்வைஃப் எல்லோருக்கும் கொடுப்பது அதைவிடக் குறைந்த அளவு, அதனால் வலிப்புக் குளிசை எடுப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் முதுகுத்தண்டு கரு உண்டாகி நான்கு கிழமைக்குள் மூடிவிடும், மாதவிலக்கு தள்ளிப்போனதைக் கவனித்து கிளினிக்குக்குப் போகும்போது அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஒருவேளை வல்ப்ரோயேட்டோடேயே கர்ப்பமாகிவிட்டால் பதறிப்போய் நிறுத்த வேண்டாம், குளிசையைப் போட்டுக்கொண்டே அந்தக் கிழமைக்குள் வைத்தியரைப் பாருங்கள்.

கர்ப்பத்தில் உடம்பு மருந்தை வேகமாக வெளியேற்றும். லமோட்ரிஜின், லெவெடிரசிட்டம் இரண்டின் அளவும் இரத்தத்தில் நன்றாக இறங்கும், அதனால் டோஸைக் கூட்ட வேண்டி வரும். கூட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிள்ளை பிறந்த பிறகு சில நாட்களிலேயே அளவு ஏறிவிடும், தலைசுற்றல், தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிவது என்று வந்தால் டோஸைக் குறைக்க வேண்டிய நேரம் அது. 18 முதல் 22 கிழமைக்குள் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் கட்டாயம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்தால் "இவளுக்கு வழக்கமானதுதானே" என்று வீட்டில் விடக்கூடாது, பிரஷர் ஏறி வருகிற சூல்வலிப்பாக இருக்கலாம், 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலிப்பு இருப்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிரசவத்துக்குப் போகும்போது குளிசைகளைக் கையோடு கொண்டுபோங்கள், வலி எடுத்த நேரத்தில் டோஸ் தவறுவது அடிக்கடி நடக்கிறது. தாய்ப்பால் கொடுங்கள், மருந்துக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. 2022இல் மருந்து கிடைக்காமல் பட்ட பாட்டையும் மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடுவதையும் நினைத்து, இரண்டு கிழமைக் குளிசை எப்போதும் கைவசம் வைத்திருங்கள்.

இனி நீங்கள் கேட்காத விஷயம். மாப்பிள்ளையிடம் கல்யாணத்துக்கு முன் சொல்லுங்கள். சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், சம்பந்தம் நின்றுபோன வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒளித்து வைத்த குளிசை தவறிப்போகும். ஒரே காம்பராவில் மாமியாரோடு இருந்துகொண்டு தினம் இரண்டு வேளை யாருக்கும் தெரியாமல் எத்தனை வருடம் விழுங்குவீர்கள்? பிள்ளை பிறந்த பிறகு இரவில் ஒருமுறையாவது வேறொருவர் பிள்ளையைப் பார்த்தால்தான் உங்களுக்குத் தொடர்ந்து நித்திரை கிடைக்கும், நித்திரை இல்லாவிட்டால் உங்கள் வகை வலிப்பு சுலபமாகத் தலைகாட்டும். தனியாக இருக்கும்போது பிள்ளையைத் தண்ணீரில் வைத்துக் குளிப்பாட்டக்கூடாது, தரையில் பாயில் உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டும், இதெல்லாம் வீட்டாருக்குக் காரணம் தெரிந்தால்தான் நடக்கும். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து நேரம் பார்ப்பது, வாயில் கரண்டியோ கையில் சாவியோ கொடுக்காமல் இருப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு அழைப்பது, இதை மாமியாருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

பிள்ளைக்கு வருமா என்றால், கொஞ்சம் வாய்ப்புக் கூடும், ஆனாலும் 100இல் 90க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருவதில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், முந்திப் போங்கள். கூட்டத்தில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், சிங்களத்தில் சொல்லவும் தயக்கமாக இருக்கலாம். தெரிந்த யாரையாவது கொண்டு ஒரு தாளில் எழுதுவித்து, கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள்: "ஆவணியில் கல்யாணம். பிள்ளை பெற விருப்பம். வல்ப்ரோயேட் எடுக்கிறேன். காலையில் கை உதறும். மருந்தை மாற்ற முடியுமா?"