லூகர் போலி என்று எழுதிக் கொடுக்கும் முன்

ஒஹாயோவிலிருந்து ஒரு வாசகர். கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தையில்) உள்ளூர் வியாபாரியிடம் 4,200 டாலருக்கு 1917 தேதியிட்ட டிடபிள்யூஎம் லூகர் பி08, அதாவது அந்த ஜெர்மன் நிறுவனம் செய்த பழைய ராணுவக் கைத்துப்பாக்கி, வாங்கியிருக்கிறார். ரசீதில் "ஆல் மேட்சிங், ஒரிஜினல் ஃபினிஷ்" (எல்லாப் பாகத்திலும் ஒரே துப்பாக்கியின் எண், பூச்சும் அசல்), கீழே "அஸ் இஸ்" (உள்ளது உள்ளபடி). அதைப் பார்த்த பழைய துப்பாக்கி சேகரிப்பாளர் ஒருவர், வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய டிரிக்கர்கூட கறுப்பாக இருக்கிறது, மறு ப்ளூயிங் (கருநீலப் பூச்சை மறுபடி ஏற்றியது), சைடு பிளேட் (பக்கத் தகடு) எண் புதிதாக அடித்தது, ஃப்ரேம் (உடற்சட்டம்) எண்ணும் சந்தேகம், 1,500 டாலர்கூட வராது என்றாராம். வியாபாரியிடம் கேட்டால் சிரித்தாராம், நண்பர்கள் முன்னால் அவமானமாம்; போலி என்று கடிதம் எழுதிப் பணத்தைத் திரும்பக் கேட்கப் போகிறேன் என்கிறார்.

வியாபாரி சிரித்தது, நண்பர்கள் முன்னால் தலைகுனிவு, இதெல்லாம் கோர்ட்டில் எடுபடாது. ரசீதில் இருக்கும் அந்த நான்கு வார்த்தைகள்தான் உங்கள் வழக்கு. "இப்படி ஒரு பீஸ் இனி கிடைக்காது" என்று வியாபாரி சொன்னது வெறும் வியாபாரப் பேச்சு. "ஆல் மேட்சிங்" அப்படியல்ல, யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் (வணிகச் சட்டத் தொகுப்பு) 2-313 படி உத்தரவாதம், "அஸ் இஸ்" என்று எழுதிவிட்டதால் அது அழியாது.

சரி, நான் பயப்படுவது நீங்கள் அனுப்பத் துடிக்கும் கடிதத்தைப் பற்றி. சைடு பிளேட், டாகிள் (மேலே மடங்கும் பாகம்) இவற்றில் உள்ள இரண்டிலக்க எண்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். ஃப்ரேம் எண் வேறு கதை: சட்டத்தின் கண்ணில் ஃப்ரேம்தான் துப்பாக்கி. அதன் எண் மாற்றப்பட்டது என்று தெரிந்தே வைத்திருப்பது துப்பாக்கிச் சட்டத்தின் 922(கே) பிரிவுப்படி ஃபெடரல் குற்றம், 5 வருடம் வரை சிறை. "அழித்துவிட்டு வேறு எண் அடித்திருக்கிறார்கள்" என்று எழுதிய நிமிடம், எனக்குத் தெரியும் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. முதலில் ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள், நிபுணரை அவர் மூலமாகவே அமர்த்துங்கள். அதுவரை திருப்பிக் கொடுக்கக்கூட அதை வெளியே எடுக்காதீர்கள்.

அதற்காக மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது. குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குச் சொல்லாவிட்டால் எந்த நிவாரணமும் கிடையாது. கடிதத்தை அந்த வக்கீலே எழுதட்டும். அப்புறம், தயவுசெய்து துப்பாக்கியில் கை வைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் கோபத்தில் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுத்துப் பிரித்து, பழைய பூச்சைத் தேய்த்து, இரண்டு பாகங்களை மாற்றிவிட்டு, பிறகு "திருப்பி எடுத்துக்கொள்" என்று கேட்டார். பொருளின் நிலையே மாறிவிட்டதே, யார் எடுத்துக்கொள்வார்கள்?

ஃப்ரேம் எண்ணில் வில்லங்கம் இல்லை என்று தெரிந்தால், உங்கள் நஷ்டம் சுமார் 2,700 டாலர். ஒஹாயோ ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குக் கோர்ட்) வரம்பான 6,000க்குள் வரும், ஆனால் நிபுணரை நேரில் கொண்டுவர ஆகும் செலவு அந்த 2,700இல் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வியாபாரி 2,000 கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொண்டு, எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.