ஒன்பது நாடுகள், எட்டுப் படுக்கைகள்: ஐரோப்பா பஸ் சுற்றுலா பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். எனக்கு 64 வயது, அவருக்கு 61. அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஐரோப்பா போக இரண்டு நிறுவனங்களின் பஸ் சுற்றுலாத் திட்டங்களை வாங்கி வைத்திருக்கிறோம். ஒன்று 10 இரவுகளில் 9 நாடுகள், ஆளுக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். இன்னொன்று 12 இரவுகளில் 5 நாடுகள், ஆளுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம். குறைந்த காசுக்கு அதிக நாடு காட்டுவதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுப்பது அசட்டுத்தனம் என்கிறார் மைத்துனர். எது லாபம்? (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் அந்த ஒன்பதை எண்ணிவிடுவோம். நீங்கள் அனுப்பிய தாளில் இருப்பவை பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா, இத்தாலி, வாடிகன். வாடிகன் என்பது ரோம் நகருக்குள்ளேயே இருக்கும் 44 ஹெக்டேர், நம் கணக்கில் நூற்றுப் பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. லீக்டன்ஸ்டைனின் மொத்தப் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். அதன் தலைநகர் வாடூஸில் பஸ் முக்கால் மணி நேரம் நிற்கும் என்று உங்கள் தாளே சொல்கிறது. பெல்ஜியமோ பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் வழியில் வருகிறது. பிரஸ்ஸல்ஸில் இறங்கி, சதுக்கத்தைப் பார்த்து, அரை மீட்டரைச் சற்றே தாண்டும் அந்தச் சிறுநீர் கழிக்கும் பையன் சிலைக்கு முன் படம் எடுத்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு ஏறிவிட வேண்டியதுதான். ஆக, ஒன்பதில் மூன்று நாடுகள் கொசுறு.

நாடுகளை விட்டுவிட்டுப் படுக்கைகளை எண்ணுங்கள். முதல் திட்டத்தில் பாரிஸில் 2 இரவு, ஆம்ஸ்டர்டாம், கொலோன் தலா ஒன்று, சுவிட்சர்லாந்தில் 2, பிறகு இன்ஸ்ப்ரூக், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம் தலா ஒன்று. பத்து இரவுக்கு எட்டு ஹோட்டல். இரண்டாவதில் பாரிஸ் 3, சுவிட்சர்லாந்து 4, வெனிஸ் 1, ஃப்ளாரன்ஸ் 2, ரோம் 2. பன்னிரண்டு இரவுக்கு ஐந்து ஹோட்டல். ஹோட்டல் மாறும் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் பெட்டி கட்டி, சாப்பிட்டு, பெட்டியை இழுத்து வந்து பஸ்ஸில் ஏற்ற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு இதுவே தனி உடற்பயிற்சி. முதல் திட்டத்தில் கொலோனிலிருந்து ஜெர்மனியின் கருங்காடு வழியாக சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் போகும் ஒரே நாள் பயணம் 600 கிலோமீட்டரை நெருங்கும். அங்கே பஸ்கள் நெடுஞ்சாலையிலும் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அன்று நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் முன் இருக்கைக்காரரின் தலை.

பஸ் சுற்றுலா என்றால் நடக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் பலர். வெனிஸில் பஸ் ட்ரோன்கெட்டோ என்ற வண்டி நிறுத்தத் தீவு வரைதான் போகும். அங்கிருந்து படகு, படகிலிருந்து இறங்கினால் படிக்கட்டு வைத்த பாலங்கள். ஃப்ளாரன்ஸ், ரோம் நகரங்களின் பழைய பகுதிகளிலும் சுற்றுலா பஸ்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆம்ஸ்டர்டாமின் மையப் பகுதியில் கனரக பஸ்களை 2024 முதல் விடுவதில்லை. எந்த நாளில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். "கொஞ்சம்தான் சார்" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

அடுத்தது வினைச்சொற்கள். விளம்பரத் தாளில் காசு ஒளிந்திருக்கும் இடம் அதுதான். "கொலோசியத்தைக் காணலாம்" என்றால் வெளியே நின்று காணலாம். "லூவ்ரைக் கடந்து செல்கிறோம்" என்றால் ஜன்னல் வழியே. "நுழைவுக் கட்டணம் சேர்ந்தது" என்று எழுதியிருந்தால்தான் உள்ளே போவீர்கள். ஈஃபில் கோபுரத்துக்கு டிக்கெட் உண்டு என்று இரண்டு தாள்களும் சொல்கின்றன. ஆனால் முதலாவதில் இரண்டாம் தளம் வரை, அதாவது ஏறக்குறைய 116 மீட்டர். மற்றதில் உச்சி வரை, 276 மீட்டர். சுவிட்சர்லாந்து மலையில் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் முதல் திட்டத்தில் "விருப்பத் தேர்வு" என்ற தலைப்பின் கீழ் கிடக்கிறது. விருப்பத் தேர்வு என்றால் அங்கே போய் யூரோவில் எண்ணிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மற்றவர்கள் மலையேறி வரும்வரை கீழே கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் விலையோடு கூட்டுங்கள். டிரைவருக்கும் சுற்றுலா மேலாளருக்கும் தினசரி டிப்ஸ், இத்தாலிய நகரங்களில் ஹோட்டலில் ஆளுக்கு இத்தனை என்று இரவுக்கு இரவு வாங்கும் நகர வரி, விசாக் கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவை விலைக்குள் இருக்கின்றனவா, வெளியே நிற்கின்றனவா? விலையில் ஒரு பகுதி யூரோவில் குறிக்கப்பட்டிருந்தால் எந்த நாளின் மாற்று விகிதம்? "பாரிஸ் பகுதியில் மூன்று நட்சத்திர ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது" என்ற வரியைப் பார்த்தால், பெயரும் முகவரியும் எப்போது தருவார்கள் என்று கேளுங்கள். பகுதி என்பது நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

என் கருத்து இரண்டாவது திட்டத்துக்கே. ஒரே ஒரு நிபந்தனை: பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்து போகும் நாளில் பஸ்ஸா, ரயிலா என்று கேட்டுவிடுங்கள். பஸ் என்றால் அந்த ஒரு நாளும் 600 கிலோமீட்டர்தான். அதிவேக ரயிலில் சூரிச்சுக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். மைத்துனருக்கு வாடூஸ் படம் ஒன்று அனுப்பிவிடலாம். உங்கள் ஐந்து நாட்டுப் பட்டியலிலும் லீக்டன்ஸ்டைன் இருக்கிறது.

கேள்வி: சென்ற ஆண்டு கணவருடன் போன சுற்றுலாவில், ஹோட்டலுக்கு இருபது நிமிடத் தூரம் இருக்கும்போது டிரைவர் ஓய்வு நிலையத்தில் பஸ்ஸை நிறுத்தி முக்கால் மணி நேரம் நகர மறுத்துவிட்டார். இரவு பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அதைக் காரணம் காட்டி மறுநாள் ஒன்பதரைக்குத்தான் கிளம்பினார்கள். ரைன் அருவியும் படகுச் சவாரியும் விடுபட்டன. டிரைவர் மேல் புகார் கொடுக்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: டிரைவர் மேல் வேண்டாம். அவர் செய்தது சட்டப்படி சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை எடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. இரவு ஓய்வு பதினொரு மணி நேரம். குறிப்பிட்ட சில நாட்களில் அதை ஒன்பதாகக் குறைக்கலாம். வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் கருவி ஓட்டிய நிமிடங்களையெல்லாம் பதிந்து வைக்கும், வழியில் போலீஸ் நிறுத்திப் பார்க்கும், அபராதமும் சிறிதல்ல. நம்மூர் ஆம்னி பஸ்ஸில் விடிய விடிய ஒருவரே ஓட்டுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது திமிர் போலத் தெரியும். அவர் ஓய்வெடுத்ததால்தான் நீங்கள் எனக்குக் கடிதம் எழுத முடிந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

புகார் கொடுக்க வேண்டியது பயணத் திட்டத்தை வகுத்த நிறுவனத்தின் மேல். இந்த விதி அவர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. ஒன்பது மணி நேர ஓட்டத்தை ஒரு நாளில் அடைத்து, போக்குவரத்து நெரிசலுக்கு இடமே விடாமல் திட்டம் போட்டுவிட்டு, காசு வாங்கிய படகுச் சவாரியை விட்டுவிட்டால் அது சேவைக் குறைபாடு. படகுக் கட்டணத்தையும் ஒரு நியாயமான ஈட்டுத் தொகையையும் எழுதிக் கேளுங்கள். ஆனால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: முந்தைய நாள் வழியில் நிறுத்திய குயில் கடிகாரக் கடை போன்ற இடங்களில் குழுவினர் எத்தனை நிமிடம் தாமதித்தார்கள்? நிறுவனம் முதலில் எடுத்து வைக்கும் பதில் அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் குறித்த நேரத்தில் ஏறிவிட்டோம் என்று சக பயணிகள் இருவராவது எழுதிக் கொடுத்தால் உங்கள் கை ஓங்கும்.

கேள்வி: எனக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) கிடைத்தது, மனைவிக்கு மறுத்துவிட்டார்கள். அவரில்லாமல் நான் மட்டும் எதற்குப் போக வேண்டும் என்று இருவர் பயணத்தையும் ரத்து செய்தேன். முன்பணம் இரண்டு லட்சமும் திரும்பாது என்கிறது நிறுவனம். விசா வாங்கித் தருவது அவர்கள் பொறுப்பு இல்லையா? (சேலம் வாசகர்)

பதில்: விசா தருவதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 2024 ஜூனிலிருந்து. மறுத்தாலும் அது திரும்பாது. எனவே மறுப்புக்கு மட்டும் நிறுவனத்தைக் குற்றம் சொல்ல முடியாது. மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணத்தைக் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வருமானச் சான்று போதாது என்றால் அது உங்கள் பக்கம். ஹோட்டல் பதிவுத் தேதிகள் பொருந்தவில்லை, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு முழு நாட்களையும் உள்ளடக்கவில்லை என்பது போல இருந்தால், அந்தத் தாள்களைத் தயாரித்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு; எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

பணத்துக்கு வருவோம். நிறுவனம் உங்களுக்காக உண்மையில் எவ்வளவு செலவழித்தது, விமான டிக்கெட்டிலும் ஹோட்டலிலும் எவ்வளவு திரும்ப வந்தது என்று ரசீதுகளோடு கணக்குக் கேளுங்கள். ஏற்பட்ட நட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தைச் சுமத்தும் ஒப்பந்தம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ரத்து செய்து, உங்கள் இருக்கைகளை வேறு இருவருக்கு விற்றும் விட்டார்கள் என்றால் முழுப் பணத்தையும் விழுங்குவதற்கு என்ன நியாயம்?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல தகராறுகள் அங்கேயே தணிந்துவிடும். தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரில் தொடர இந்தச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கேட்பதானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இனிமேல் பதிவு செய்பவர்கள் "இருவரில் ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால்" என்ற நிலைமைக்குத் தனியே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தம்பதிகள் கேட்க மறப்பது இதைத்தான்.

கேள்வி: தொகையோடு டிசிஎஸ் என்று தனியாக ஒன்று போட்டிருக்கிறார்கள். இது என்ன வரி? (வேலூர் வாசகி)

பதில்: வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு விற்பவர் உங்களிடம் முன்கூட்டி வசூலித்து வருமான வரித் துறையில் கட்டுவது. செலவு அல்ல, கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லையென்றால் திரும்பப் பெறலாம். விகிதம் அடிக்கடி மாறுகிறது. 20 சதவீதம் தொடங்கிய வரம்பு 2023 அக்டோபரில் ஏழு லட்சமாக இருந்தது, 2025 ஏப்ரலில் பத்து லட்சமானது. ஆகவே பணம் கட்டும் நாளில் எது நடப்பு என்று கேளுங்கள். இருவர் தொகையையும் யாருடைய பான் எண்ணில் போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பணம் கட்டியவர் நீங்கள், பதிவு கணவர் பெயரில் என்றால் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

கேள்வி: பாரிஸில் வாங்கும் பொருளுக்கு விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்குமாமே? நாங்கள் சூரிச்சிலிருந்து திரும்புகிறோம். (கோவை வாசகர்)

பதில்: அங்கேதான் சிக்கல். பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் பெறலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடத்தில் சுங்க முத்திரை வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஒன்றியத்தில் இல்லை. உங்களுக்குக் கடைசி இடம் விமான நிலையம் அல்ல, பஸ் சுவிட்சர்லாந்துக்குள் நுழையும் எல்லைச் சாவடி. பஸ் அங்கே தானாக நிற்காது. முதல் நாளே சுற்றுலா மேலாளரிடம் சொல்லி வையுங்கள். பொருளைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: ஊறுகாய், நெய், பருப்புப் பொடி கொண்டு போகலாமா? அறையில் சமைக்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: பருப்புப் பொடியும் ஊறுகாயும் போகலாம், ஊறுகாய் பெட்டிக்குள், நன்றாக மூடி. நெய்யை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பால் பொருட்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். அறைகளில் பெரும்பாலும் கெட்டில் இருக்காது; சிறிய பயணக் கெட்டில் ஒன்றும், இரண்டு மெல்லிய உருண்டைக் கால்கள் உள்ள பிளக்கும் எடுத்துப் போனால் வெந்நீருக்கும் உடனடி உப்புமாவுக்கும் ஆயிற்று. தாளிக்க மட்டும் முயல வேண்டாம். புகை உணரும் கருவிக்குக் கடுகு வெடிப்பதும் வீடு எரிவதும் ஒன்றுதான். தீயணைப்பு வண்டி வந்த செலவை ஹோட்டல் உங்கள் கணக்கில் எழுதக்கூடும்.