தொட்டியிலிருந்து இறங்கிய கொண்டைக்குருவிக் குஞ்சு: எடுக்கலாமா, விடலாமா?

கேள்வி: எங்கள் மாடி பால்கனியில் மணி பிளான்ட் தொட்டிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டி, மூன்று குஞ்சு பொரித்தது. இன்று காலை ஒரு குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தது. பறக்கத் தெரியவில்லை, வாலும் குட்டை. அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பறவை விற்கும் ஒருவர், 800 ரூபாய் கொடுத்தால் தானே வளர்த்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: முதலில் அந்தக் குஞ்சை எடுத்த பால்கனியிலேயே கொண்டுபோய் விடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு. குரலையும் இடத்தையும் வைத்துத்தான் குஞ்சைத் தாய் தேடுகிறது. நீங்கள் பால்கனிக்குப் போகும்போது இரண்டு பெரிய குருவிகள் கம்பியில் உட்கார்ந்து விடாமல் கத்துகின்றனவா? அப்படியானால் அவை கைவிடவில்லை. உங்களைத்தான் விரட்டுகின்றன.

உங்கள் குஞ்சு விழவும் இல்லை, இறங்கியிருக்கிறது. கொண்டைக்குருவி பொரித்த பன்னிரண்டு நாள் வாக்கில் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். அப்போது உடம்பெல்லாம் சிறகு இருக்கும், வால் அரைகுறையாக இருக்கும், தத்தும், கிளையைப் பிடிக்கும், பறக்க மட்டும் வராது. அந்தச் சில நாட்கள் செடிக்குள் ஒளிந்திருக்க, தாயும் தகப்பனும் தேடி வந்து ஊட்டும். இரவில் கூட்டுக்குத் திரும்பாது, புதருக்குள்ளேயே தங்கிவிடும். இதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு நாம் எடுத்துக்கொண்டு போவதுதான் ஆண்டுதோறும் நடக்கிற தவறு.

ஆகவே குஞ்சை வேறொரு அடர்ந்த தொட்டிச் செடியில், தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில், நிழலில் உட்கார வையுங்கள். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியே ஒன்றிரண்டு மணி நேரம் கவனியுங்கள். வாயில் புழுவோ பழமோ கவ்விக்கொண்டு பெரிய குருவி வந்துபோனால் உங்கள் வேலை முடிந்தது. கூட்டில் இருக்கும் மற்ற இரண்டையும் எட்டிப் பார்க்காதீர்கள். இந்த வயதில் செல்போனை நீட்டினாலே பயந்து, நாள் வருமுன்னே கூட்டிலிருந்து குதித்துவிடும். நீங்கள் அடிக்கடி போய் நிற்பதைக் காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

சிறகே முளைக்காத, கண் திறக்காத குஞ்சு கிடந்தால் அது நிஜமாகவே விழுந்தது. உடம்பு சில்லென்றிருந்தால் சில நிமிடம் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக் கூட்டில் வையுங்கள். குளிர்ந்த குஞ்சு வாயைத் திறக்காது, வாய் திறக்காத குஞ்சுக்கு இரை கிடைக்காது. கூடு பிய்ந்திருந்தால், அடியில் துளையிட்ட கொட்டாங்கச்சியில் காய்ந்த புல்லோ தேங்காய் நாரோ பரப்பி, அதே இடத்தில் அதே உயரத்தில் கட்டுங்கள். பஞ்சு வேண்டாம், நகத்தில் சிக்கும்.

தண்ணீர், பால், சோறு, பிஸ்கட் எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் பின்னால், அது தொடங்கும் இடத்தில்தான் திறந்திருக்கிறது. சொட்டு விட்டால் நேரே நுரையீரலுக்குப் போகும். சோறு ஊட்டினாலும் பயனில்லை. குஞ்சு வளரப் புழு பூச்சி வேண்டும். இந்தக் குருவியின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானாகச் செய்துகொள்ளவும் செய்யாது, இரையிலிருந்துதான் பெற வேண்டும்.

எடுத்தே ஆக வேண்டிய ஒரு நிலைமை உண்டு: பூனை. பூனை வாயில் கவ்விய குஞ்சு வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ரத்தமே வராவிட்டாலும், விட்டுவிடாதீர்கள். ஊசி முனை அளவு பல் பட்டாலும் பூனையின் எச்சிலில் உள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்து, ஒன்றிரண்டு நாளில் குஞ்சு செத்துப்போகும். "காயமே இல்லையே, தத்துகிறதே" என்று செடியில் வைத்துவிட்டு வருபவர்கள் மறுநாள் காலையில் உடலைத்தான் பார்ப்பார்கள். வயிற்றுப் பக்கமும் இறக்கையின் அடியும் ஊதிப் பார்த்தால் சிறு புள்ளி தெரியலாம், தெரியாமலும் போகலாம். பூனை கவ்வியது உங்களுக்குத் தெரிந்தாலே போதும், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் கேளுங்கள். காற்றுத் துளையிட்ட மூடிய பெட்டியில், துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாமல் கொண்டுபோங்கள்.

இனி அந்த 800 ரூபாய் ஆசாமி. கொண்டைக்குருவி நம் நாட்டுப் பறவை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். "லைசென்ஸ் இருக்கு", "காலில் வளையம் போட்டது" என்பார்கள். அந்தப் பேப்பரெல்லாம் லவ் பேர்ட்ஸ் போன்ற வெளிநாட்டுப் பறவைகளுக்கானது. காட்டுப் பறவையை வைத்து வியாபாரம் செய்யக் கடைக்காரருக்கு எந்தப் பேப்பரும் கிடையாது. உங்கள் காசையும் வாங்கி, வளர்ந்த பிறகு குருவியையும் விற்றுவிடுவார். மாட்டினால், கொடுத்த நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "ரெஸ்க்யூ" என்று சொல்லிக்கொண்டு வருபவர் முதல் பேச்சிலேயே பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

முறைப்படி என்றால், காட்டுப் பறவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால்? மாட்டுக்கும் நாய்க்கும் பழகிய மருந்தகம், மேசைக்கு மேசை மாறும் போன், விரலளவு குஞ்சை எங்கே ஒப்படைப்பது என்று எவருக்கும் தெரியாத நிலை. கையில் வைத்திருப்பது குற்றம் என்று சொல்லும் சட்டம், வாங்கிக்கொள்ள ஓர் இடத்தை மாவட்டந்தோறும் வைக்க வேண்டாமா? அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். இருந்தாலும் தகவல் சொல்லுங்கள், சொன்ன நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மணி பிளான்ட் தொட்டிக்கு இரண்டு மூன்று நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஊற்றியே தீர வேண்டுமென்றால், கூடு நனையாமல் விளிம்போரமாக ஒரு டம்ளர் போதும். மறைப்பாக இருக்கும் இலைகளை வெட்ட வேண்டாம். மற்ற இரண்டும் நாளையோ மறுநாளோ இறங்கிவிடும்.