கீழக்கரைக்குப் போகும் வழி

அன்புள்ள ஐயா,

தை மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோம். அம்மாவுக்கு எழுபது வயது, மூட்டுவலி உண்டு. திரும்பும்போது கீழக்கரையையும் பார்க்க ஆசை. காலையில் தனுஷ்கோடி, மதியம் கீழக்கரை என்று திட்டம். "அங்கே என்ன இருக்கு, கடல்தானே" என்கிறான் தம்பி. அங்குள்ள பள்ளிவாசல் 7ஆம் நூற்றாண்டு என்று ஓரிடத்தில் படித்தேன், 17ஆம் நூற்றாண்டு என்று வேறோரிடத்தில். எது சரி? எதிரே தீவு இருக்கிறதாமே, படகில் போகலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

திட்டத்தை முதலில் மாற்றுங்கள். தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையிலிருந்து கீழக்கரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மதியம் 1 மணிக்குப் போய் இறங்கினால் பள்ளியில் லுஹர் தொழுகை நடந்துகொண்டிருக்கும், கடைகள் பாதி சாத்தியிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். அரை மணி நேரம் சுற்றிவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லிப் போகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த நேரத்தில் வந்தவர்கள்தான். உங்கள் தம்பிக்கு யார் சொன்னார்களோ, அவரும் அப்படித்தான் வந்திருப்பார்.

முதல் நாள் இரவு ராமநாதபுரத்தில் தங்குங்கள். மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் தெற்கே 10 கிலோமீட்டரில் திருப்புல்லாணி. கீழக்கரைச் சாலையில்தான் இருக்கிறது. ராமர் தர்ப்பைப் புல்மேல் சயனித்திருக்கும் சந்நிதிக்காக எல்லோரும் போகிற கோயில். கீழக்கரைக்குப் போகிறவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்கு நிலம் விட்ட செய்தியைச் சொல்கிறது. சோனகர் என்றால் அரபு வழி வந்த முஸ்லிம் வணிகர். அந்தப் பட்டினம் கீழக்கரைக்குக் கிழக்கே இருக்கும் இன்றைய பெரியபட்டினம். 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்த ஊர். பள்ளிவாசலுக்கு விட்ட கொடை பெருமாள் கோயில் கல்லில் இருக்கிறது. இந்தக் கரையில் அது விந்தையாக இருந்ததில்லை. கல்வெட்டைத் தேடி அலைய வேண்டாம், பயிற்சியில்லாத கண்ணுக்கு அது வாசிக்கக் கிடைக்காது. அதற்குப் பதில் மண்டபத் தூண்களை நின்று பாருங்கள். தூண் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, அதிலிருந்து வாழைப்பூ போலக் கவிழ்ந்து தொங்கும் மொட்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் காலுறை கொடுத்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பிராகாரக் கல் சுடும்.

அங்கிருந்து 4 கிலோமீட்டரில் சேதுக்கரை என்னும் தீர்த்தக் கடற்கரை. கால் மணி நேரம் போதும். தை அமாவாசையாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், தர்ப்பணக் கூட்டத்தில் வண்டி திருப்ப இடமிருக்காது.

கீழக்கரைக்குப் பத்தே காலுக்குள் வந்துவிடுங்கள். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்த இரண்டு காலமும் இரண்டு வெவ்வேறு பள்ளிகளைப் பற்றியவை. பழைய ஜும்ஆ (வெள்ளிக்கிழமைக் கூட்டுத்தொழுகை) பள்ளிக்கு ஊர் மரபு 7ஆம் நூற்றாண்டைச் சொல்கிறது. அதை மரபாகவே வைத்துக்கொள்வது நல்லது, இன்று கண்ணில் படும் கட்டடத்தை வைத்து அதை நிறுவ முடியாது. நடுத்தெரு ஜும்ஆ பள்ளிதான் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. வள்ளல் சீதக்காதி கட்டியது என்பார்கள். 'செத்தும் கொடை கொடுத்தான்' என்று பழமொழியில் வருகிறவரேதான். உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாட வைத்தவர், ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், டச்சுக்காரர்களே கணக்கில் வைத்துப் பேரம் பேசிய வணிகர். ஒரு பள்ளியைப் பார்க்கத்தான் நேரம் என்றால் இந்தப் பள்ளிக்குப் போங்கள். உள்ளே கல் தூண்களை அண்ணாந்து பாருங்கள். காலையில் பார்த்த அதே கைவேலை. ஆனால் தூண் சதுரங்களில் தெய்வ உருவம், யாளி எதுவும் இருக்காது. தாமரை, கொடி, கோலம் மட்டும். சிற்பியின் உளி மாறவில்லை, எதைச் செதுக்குவது என்பது மட்டும் மாறியிருக்கிறது. தெருவில் நின்று படமெடுத்துத் திரும்பினால் இது கிடைக்காது.

உள்ளே போக வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள். "தூண் வேலைப்பாடு பார்க்க வந்தோம்" என்று சொன்னால் போதும். கால் கழுவிக்கொள்ளுங்கள், ஹவுள் என்னும் தொட்டியின் தண்ணீர் ஒளுவுக்கானது (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது), அதில் கால் விடக்கூடாது. பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் படம் எடுப்பதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். சீதக்காதி, மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பா இருவரும் அடங்கிய இடங்களும் அருகிலேயே இருக்கின்றன.

கடலுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போகலாம். தையில் வாடைக் காற்று, தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் வீசும் ஆனி ஆடியில் வந்தால் கண்ணெல்லாம் மணல். தீவுக்கு மட்டும் போகாதீர்கள். எதிரே இருக்கும் அப்பா தீவு, 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்குவது குற்றம். "நான் கூட்டிப்போறேன்" என்று யாராவது சொன்னால் வழக்கு உங்கள் மேலும்தான் வரும். பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை இவற்றை யார் விற்றாலும் வாங்காதீர்கள், அதுவும் குற்றம்தான்.

கிளம்பும்போது தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் இனிப்பும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிண்டியது நாள்படும், அவசரமாக இறக்கியதில் தேங்காய்ப்பாலின் ஈரம் நின்று சீக்கிரம் புளித்துவிடும். விரலால் தொட்டால் பிசுக்கென ஒட்டாமல் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் விரலில் நிற்க வேண்டும். கோவைவரை வண்டியில் வெயில் படாமல் வையுங்கள்.